மில் கேட்டுக்கு இந்தப் பக்கம்

முனுசாமி, இதை நான் ஒட்டாமல்தான் கொடுத்தனுப்புகிறேன். ஒட்டினாலும் கேட்டில் கிழித்துப் பார்க்கத்தான் போகிறார்கள், பசைதான் வீண். ஆகையால் முதலில் கேட்டுக் காவல் ஜமேதார் ஐயாவுக்கு ஒரு கும்பிடு. ஐயா, இந்தக் காகிதத்துக்குள் பொடி, துகள் எதுவும் இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பன் மகனுக்கு எழுதியது. படித்து முடித்ததும் பையன் கையில் சேர்த்துவிட்டால் புண்ணியம். எழுத்துக் கோணலாக இருப்பது ரகசிய அடையாளம் அல்ல, என் கையெழுத்தே அப்படித்தான்.

இனி உனக்கு. போன ஞாயிற்றுக்கிழமை படுக்கையைச் சுருட்டிக்கொண்டு தங்க மில் வேலிக்குள் இருக்கும் லைன் வீட்டுக்குப் போனவன் நீ, இன்னும் வீட்டுப் பக்கம் வரவில்லை. நான் தேடி வரமுடியாது. கேட்டுக்குப் பக்கத்தில் என் தலை தெரிந்தால் உன் வேலைக்கு ஆபத்து என்று துரை சொன்னபோது நீயும் அங்கேதான் நின்றாய். நாளைக் காலை பங்களா ஆபீசில் அதே துரை முன்னால் நின்று நான் உனக்கு ஜாமீன் சொல்ல வேண்டும். சொன்னால் பாதரச அறையில் உன் வேலை நிலைக்கும். மாட்டேன் என்றால் உன்னை மில்லிலிருந்தே எடுத்துவிடுவார்கள். ஜாமீன் என்றால் சும்மா தலையாட்டுவது இல்லை. அந்த அறையில் என்றைக்காவது ஏதாவது குறைந்தால் உன்னோடு நானும் பதில் சொல்லியாக வேண்டும், என் மர டிப்போ வேலையும் நாம் குடியிருக்கும் லைன் வீடும் அதோடு போகும் என்று குமாஸ்தா விளக்கினார். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று உன் அம்மா கேட்கவில்லை. குழம்பு ஊற்றும்போது மட்டும் என் முகத்தைப் பார்க்கிறாள். குழம்பு இலைக்கு வெளியே போகிறது.

நான் சுபாவத்திலேயே சந்தேகக்காரன் என்பது உனக்குத் தெரியும், ஆனால் எந்த அளவுக்கு என்பது தெரியாது. குடியாத்தம் பக்கத்திலிருந்து மேஸ்திரி எங்களை இந்தச் சுரங்கத்துக்குக் கூட்டி வந்தபோது, முதல் நாள் ஆளுக்கொரு மெழுகுவர்த்தி கொடுத்தார்கள். ‘இலவசமாக எதற்குக் கொடுக்கிறான்? கொளுத்தினால் பிறகு சம்பளத்தில் பிடிப்பான்’ என்று எனக்கு ஒரு யோசனை. கொளுத்தவேயில்லை. சுரங்கத்துக்குள் அந்த ஷிஃப்ட் முழுவதும் முன்னால் போனவனுடைய இடுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். அவன் குனிந்த இடத்திலெல்லாம் நான் குனியவில்லை. மேலே வரும்போது மெழுகுவர்த்தி முழுசாக இருந்தது, என் நெற்றி முழுசாக இல்லை. ‘கொளுத்தாத மெழுகுவர்த்தியை ஏன் மடியில் வைத்துக்கொண்டு வெளியே போகிறாய்’ என்று கேட்டில் பிடித்துக்கொண்டார்கள், அது வேறு கதை.

உன்னை மிஷன் பள்ளிக்கூடத்தில் போட்டபோதும் இதே கதைதான். ஸ்லேட்டு சும்மா கொடுத்தார்கள். எதற்கு? என் பையனுக்குப் பேர் மாற்றி வைக்கப் போகிறார்களோ? டிப்போவிலிருந்து நழுவி வந்து உன் வகுப்பு ஜன்னலுக்குக் கீழே, வெளிச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கேட்பேன். வாத்தியார் கணக்குத்தான் சொல்லிக்கொடுத்தார். நானும் சொந்த ஊரில் மூன்றாம் வகுப்போடு நின்றுபோனவன், பதினாறாம் வாய்ப்பாடு எனக்கு அந்த ஜன்னல் வழியாகத்தான் வந்தது. ஒரு நாள் நீங்களெல்லாம் திணறியபோது என்னையும் அறியாமல் வெளியிலிருந்து விடையைச் சொல்லிவிட்டேன். வாத்தியார் ஜன்னலில் எட்டிப் பார்த்து, “உள்ளே வந்து உட்காருங்க, மழை வரும்போல இருக்கு” என்றார். அன்று ஓடினவன் அப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை. அந்த விடையைச் சொன்னது யார் என்று நீ வீட்டில் வந்து கேட்டாயே, நான் தெரியாது என்றேன்.

அந்த வாத்தியார்தான் உனக்கு இந்த வேலையையும் சொன்னார். சொல்லிவிட்டு என்னிடம் மாட்டிக்கொண்டார்.

“மில்லுல துரைக்கு இங்கிலீஷ் எண் தெரிஞ்ச பையன் வேணுமாம். முனுசாமியச் சொல்லியிருக்கேன்.”

“இத்தினி பசங்க இருக்கறப்ப இவன எதுக்குங்க?”

“கணக்குல முதல் பையன் இவன்தானே.”

“அது உங்களுக்குத் தெரியும். தொரைக்கு எப்படித் தெரியும்?”

“நான்தானே சொன்னேன்.”

“நீங்க எதுக்குங்க சொன்னீங்க?”

வாத்தியார் எழுந்துகொண்டார். “போங்க, போய்ப் பையனுக்கு ஒரு நல்ல சட்டையா தைக்கக் குடுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சட்டை தைக்கக் கொடுத்தேன். ஆனால் மனசு கேட்கவில்லை. நம் ஆட்களில் படித்த பையனுக்கு முதல் வேலை எங்கே கிடைக்கும்? ஸ்டோரில் ஆணி எண்ணுவான், டிப்போவில் என்னோடு மரம் எண்ணுவான். எடுத்த எடுப்பில் பாதரச அறையா? கல்லை இடித்துக் கரைத்த தண்ணீர் பாதரசத் தகட்டில் ஓட, தங்கம் தகட்டில் பிடித்துக்கொள்கிறது. அதைச் சுரண்டி எடுத்து எடை போடுகிற அறை அது. சுரங்கத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. அங்கே மீசை முளைக்காத பையனை நிறுத்துகிறார்கள் என்றால், பின்னால் ஏதாவது குறையும்போது கைகாட்ட ஒரு ஆள் வேண்டும், பின்பலம் இல்லாத ஆளாகப் பார்த்து எடுத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. இன்றைக்கும் அது தவறான யோசனை என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. உனக்கு முன்னால் அங்கே ஒரு பையன் இருந்தான், திடீரென்று இல்லை. ஏன்? யாரும் சொல்லவில்லை.

நான் விசாரித்தேன். மாரிகுப்பம் ஸ்டேஷனுக்கு எதிரில் இட்லி விற்கிற அம்மா, “அவன் முழுங்கிட்டானாம்ப்பா, வயித்தக் கழுவி எடுத்தாங்களாம்” என்றாள். சாராயக்கடையில் ஒருவன், “ரங்கூனுக்குக் கப்பல் ஏறிட்டான், அங்க மாடி ஊடு” என்றான். சலவைக்காரர், பையனின் வேட்டி மடிப்பில் மினுமினு என்று இருந்ததைத் தானே பார்த்ததாகச் சொன்னார். எந்த நாள் என்று கேட்டால், அன்றைக்கு இவரே பூந்தமல்லியில் கல்யாணத்துக்குப் போயிருந்தாராம். ஒன்றையும் நம்பாமல் எல்லாவற்றையும் மனசில் போட்டுக்கொண்டேன். ஊரெல்லாம் போய்ப் பாதரச அறையைப் பற்றி ஒரு டிப்போக்காரன் கேட்டுக்கொண்டு திரிகிறான் என்பது மில் கேட்டுக்கு எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது என்று எனக்குத் தோன்றவேயில்லை. சந்தேகப்படுகிறவனுக்கு இது ஒரு குறை. தன்னையும் யாராவது சந்தேகப்படுவார்கள் என்று தோன்றாது.

அப்புறம் உனக்கு மத்தியானம் களி கொண்டுவருகிற வேலையை உன் அம்மாவிடமிருந்து நான் பிடுங்கிக்கொண்டேன். உனக்கு அது அன்பு மாதிரித் தெரிந்திருக்கலாம், கொஞ்சம் அன்பும் இருந்தது. ஆனால் கேட்டில் யார் போகிறார்கள், யார் உன்னோடு பேசுகிறார்கள், நீ என்ன முகத்தோடு வெளியே வருகிறாய் என்று பார்க்கத்தான் வந்தேன். நீ கைகழுவிச் சாப்பிட்டுவிட்டுத் தூக்குவாளியைத் திருப்பிக் கொடுப்பாய். நான் அதை வாங்கிக்கொண்டு உடனே போகாமல் கம்பி வேலியோரம் அங்கேயும் இங்கேயும் நடப்பேன். தங்கம் எடுக்கிற இடத்தில் ஒருவன் தினமும் பாத்திரத்தோடு வருகிறான், காலியானதை வாங்கிக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்க்கிறான். ஜமேதார் இடத்தில் நான் இருந்திருந்தால் இரண்டாம் நாளே பிடித்திருப்பேன். அவர் பொறுமைசாலி.

அந்தத் தூக்கு அடி ஓட்டையாகி, ஈயம் பூசுகிறவன் கீழே இன்னொரு தகடு வைத்துப் பற்றவைத்தது. இரண்டு தகட்டுக்கும் நடுவில் என்னமோ மாட்டிக்கொண்டு, ஆட்டினால் கலகல என்னும். நமக்குப் பழகிப்போன சத்தம். கடைசியாக நான் வந்த அன்றைக்கு ஜமேதார் அதைக் கையில் வாங்கி ஆட்டினார். மில்லில் கல் இடிக்கிற சத்தத்துக்கு நடுவே கத்தித்தான் பேச வேண்டும்.

“யோவ், இது இன்னா சத்தம்?”

“மில்லு சத்தங்க!”

“மில்லு சத்தம் எனக்குத் தெரியாதா? உன் தூக்குல இன்னா சத்தம்?”

“அது ரொம்ப நாளா அப்படித்தாங்க.”

“ரொம்ப நாளாவா!” என்றார். நான் சொன்னது எப்படிக் கேட்டிருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. “உன் புள்ளைக்குச் சோறு கொண்டாற ஊட்ல வேற ஆளு இல்லியா?”

“அவங்கம்மா கீறாங்க.”

“அப்ப நீ இன்னாத்துக்கு வர்ற?”

பொய் சொல்லியிருக்கலாம். பயத்தில் உண்மை வந்துவிட்டது. “இந்த எடம் எப்படிப்பட்டதுன்னு எனக்கு ஒரு சந்தேகங்க.”

“சந்தேகமா? எங்க மேலயா? உனக்கா?” ஊரையே தினம் சந்தேகப்பட்டுச் சம்பளம் வாங்குகிற மனுஷர். அவரையும் ஒருவன் சந்தேகப்படுவான் என்று அவர் நினைத்ததே இல்லை. முகம் வாடிப்போனது. நிஜமாகவே அவருக்கு வருத்தம். ஐயா, இதைப் படித்தால் மன்னிக்கணும்.

தூக்கைத் துரை முன்னால் வைத்து உளி கொண்டு அடித்தகட்டைப் பெயர்த்தார்கள். உள்ளேயிருந்து கொஞ்சம் மணலும் காய்ந்துபோன கேழ்வரகுக் களிப் பருக்கையும் விழுந்தன. துரை பென்சிலால் அதைக் கிளறிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷம் உன்னை உள்ளேயிருந்து கூட்டிவந்தார்கள். சிரிப்பு நின்றுவிட்டது. என் கண் முன்னாலேயே உன் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள், குடுமியை அவிழ்க்கச் சொன்னார்கள், வாயைத் திறந்து நாக்கைத் தூக்கச் சொன்னார்கள். ஜமேதாரின் விரல் உன் முடிக்குள் போய்த் துழாவியது. உன் அம்மா சனிக்கிழமை சனிக்கிழமை எண்ணெய் தேய்க்கிற முடி. நீ என்னைப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

துரை சொன்னதைக் குமாஸ்தா தமிழில் சொன்னார்: பையன் மேல் குற்றம் இல்லை, ஆனால் இனி அந்த அறையில் நிற்க வேண்டுமானால் வீட்டார் ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும், கிழவன் கேட்டுப் பக்கம் வரக்கூடாது. கிழவன் என்றது என்னைத்தான். எந்தக் கிழவன் என்று கொஞ்ச நேரம் நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஜமேதார் என்னை வெளியே கொண்டுவந்து விட்டபோதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. “முன்னாடி இருந்த பையன் இன்னா ஆனாங்க?” என்றேன். “பூதிகோட்டையில கீறான், போய் அவனையே கேட்டுக்கோ. என் உசுர வாங்காத” என்றார்.

அன்று சாயங்காலம் நீ வீட்டுக்கு வந்தாய். வாசலிலேயே நின்றுவிட்டாய். செருப்பைக் கழற்றினாய். துண்டை உதறினாய். குடுமியை அவிழ்த்து முடியைத் தோள்மேல் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து, வாயைத் திறந்து என் எதிரில் நின்றாய்.

“இன்னாடா இது, ஊட்டுக்குள்ள வர்றவன் இப்படி நிக்கற?” என்றாள் உன் அம்மா.

“நைனா பாக்கட்டும்மா. அங்க ஒருத்தரு பாத்துட்டாரு, இங்க ஒருத்தரு பாக்க வாணாமா?”

உன் அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. நீ வேலைக்குப் போக ஆரம்பித்த நாள் முதல், சாயங்காலம் நீ கழற்றிப் போடுகிற வேட்டியைத் தூசி தட்டுகிற மாதிரி எடுத்து, மடிப்பு மடிப்பாக விரலால் தடவிப் பார்ப்பேன். யாராவது உனக்குத் தெரியாமல் எதையாவது வைத்துவிட்டிருப்பார்களோ என்றுதான் பார்க்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். பாதி அது உண்மை. மறுபாதியை நீ கண்டுபிடித்துவிட்டாய். இவ்வளவு நாளும் கண்டுகொள்ளாதவன் மாதிரி இருந்திருக்கிறாய். ஜமேதாருக்குக் கம்பெனி சம்பளம் கொடுக்கிறது, நான் சும்மாவே செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ படுக்கையோடு போன பிறகு, வீட்டில் இருக்கப் பிடிக்காமல் பூதிகோட்டைக்கு நடந்தேன். ஜாமீன் சொல்வதற்கு முன்னால் அந்தப் பையன் எதில் மாட்டினான் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பது எண்ணம். ஒரு ரெட்டியார் நிலத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தான். உன்னைவிட ஒன்றிரண்டு வயசு கூட இருக்கலாம், நல்ல உயரம். மில் என்றதும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான். நான் சுற்றி வளைத்து, மழை, கேழ்வரகு விலை என்றெல்லாம் ஆரம்பித்தேன். அவனே வெட்டிவிட்டான்.

“நான் தங்கம் எடுத்தனான்னு கேக்க வந்தீங்களா மாமா?”

“சேச்சே, அதில்லப்பா.”

“கேளுங்க மாமா. யாராவது கேட்டா நல்லாருக்கும். எல்லாரும் பேசறாங்க, ஒருத்தரும் கேக்கல. கேட்டாத்தான இல்லன்னு சொல்ல முடியும்?”

“சரி, எடுத்தியா?”

“இல்ல மாமா.”

“பின்ன ஏன் அனுப்பிச்சாங்க?”

அவனுக்கு அப்பா இல்லை, சித்தப்பா வளர்த்தவன். அறையில் நிற்க ஒருவர் ஜாமீன் நிற்கணும் என்று அவனிடமும் கேட்டிருக்கிறார்கள். சித்தப்பா துரை முன்னால் போய் நின்று, ‘அண்ணன் பிள்ளை, வளர்ந்த பையன், மனசுல என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்’ என்றிருக்கிறார். அவ்வளவுதான். ஒரு குற்றமும் சொல்லவில்லை. ஆனால் சொந்த வீட்டாரே நம்பவில்லை என்றால் ஏதோ இருக்கிறது என்று ஆகிவிட்டது. மில்லிலிருந்து எடுத்தார்கள். அப்புறம் ஸ்டோரில் சேர்க்கவில்லை, ரயிலில் சேர்க்கவில்லை. இட்லிக்கார அம்மா அவன் வயிற்றைக் கழுவினாள், சாராயக்கடைக்காரன் அவனை ரங்கூனுக்கு அனுப்பினான். அவன் இங்கே ரெட்டியார் வயலில் மடை திருப்பிக்கொண்டிருக்கிறான். “படிச்சதெல்லாம் மறந்துபோவும்போல இருக்கு மாமா” என்றான். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

திரும்பி நடக்கும்போது, உன்னை யார் பலிகொடுக்கப்போகிறார்கள் என்று நான் தேடிய ஆட்களையெல்லாம் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். துரை, குமாஸ்தா, ஜமேதார், வாத்தியார். அந்தப் பையன் விஷயத்தில் இவர்கள் யாரும் இல்லை. அவனைக் கொடுத்தது அவன் வீட்டு ஆள்தான்.

பள்ளிக்கூடத்தில் விடை சரியாக இருந்தால் வாத்தியார் உன்னை நம்பினார். மில்லில் எடை சரியாக இருந்தாலும் உன் வாயைத் திறந்து பார்ப்பார்கள். அங்கேயிருந்து இங்கே வருவது எவ்வளவு பெரிய தாண்டல் என்று வாத்தியாருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், நான் சுரங்கத்துக்குள் போய்வந்த வருஷமெல்லாம் அந்தச் சோதனையில் நின்றவன். நீ சேருவதற்கு முந்தின நாள் உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது ஜமேதாரையும் கூட வைத்துக்கொண்டு சொல்கிறேன். கையைத் தூக்கு என்பதற்கு முன்னால் தூக்காதே, ஏன் முந்துகிறான் என்பார்கள். சொன்ன பிறகு தாமதிக்கவும் செய்யாதே. உன்னைத் தடவும்போது அவர்கள் தடவுவது சட்டையை என்று நினைத்துக்கொள், சட்டைக்குள் இருப்பவன் அந்த நேரம் வேறு எதையாவது யோசித்துக்கொண்டிருக்கட்டும். நீ கடிகாரத்தைப் பார்த்தாயே, அதுதான் சரி. எனக்கு அது வர ஒரு வருஷம் ஆனது. தராசுப் பக்கத்தில் தனியாக நிற்காதே. ‘கொஞ்சம் பார்த்துக்கொள்’ என்று துரையே வெளியே போனாலும் நீயும் கதவுவரை போய் நின்றுகொள். வெற்றிலை நீட்டுகிறவனிடம் வாங்கி மெல்லு. ‘இதை அந்த ஆளிடம் கொடுத்துவிடு’ என்று நீட்டினால் வெற்றிலையாக இருந்தாலும் தொடாதே. தெரியாத கணக்கைத் தெரியாது என்று சொல். பள்ளிக்கூடத்தில் தப்பு விடைக்கு ஒரு பிரம்படி, அங்கே தப்பு விடைக்குத் திருட்டு என்று பேர். உன்னை ரொம்பப் புகழ்கிறவனிடம் நான் இருந்தால் எப்படி இருப்பேனோ அப்படி இரு. சந்தேகத்தை விட்டுவிடு என்று நான் சொல்லவே மாட்டேன். அந்த இடத்தில் அது இல்லாமல் ஒரு மாதம் தாங்காது. அதை எங்கே கழற்றி வைப்பது என்பதைத்தான் நான் கற்றுக்கொள்ளாமல் போனேன்.

நேற்று ராத்திரிச் சாப்பாட்டில்தான் உன் அம்மா வாயைத் திறந்தாள். “பயப்படறீங்களா?” என்றாள். ஆமாம் என்றேன். “புள்ள மேல சந்தேகமா?” இல்லை என்றேன். “அப்புறம் இன்னா?” கம்பெனி மேல், துரை மேல், குமாஸ்தா படித்துக் காட்டப்போகிற காகிதத்தின் மேல், அந்த அறைக் கதவின் சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது என்பதன் மேல் என்று அடுக்கிக்கொண்டே போனேன். “அத்தினி பேரு மேல சந்தேகம் இருக்கறவரு ஒரு ஆளு மேல இல்லன்னு சொன்னா துரை நம்பிடுவாரு” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். எனக்கு ராத்திரியெல்லாம் அதுதான் யோசனை.

உன் பையன் எப்படிப்பட்டவன் என்று துரை நாளைக்குக் கேட்பார். நல்லவன் என்று சொன்னால், எல்லா அப்பனும் சொல்கிறதுதானே என்று அவர் நினைப்பார். நான் இருந்தால் அப்படித்தான் நினைப்பேன். ஆகையால் இப்படிச் சொல்லப்போகிறேன்: ‘துரை, இந்த ஊரில் நான் சந்தேகப்படாத ஆள் கிடையாது, உங்களையும் சேர்த்து. இவனையும் சந்தேகப்பட்டேன். தினமும் துணியைப் பிரித்துப் பார்த்தேன், உங்கள் ஜமேதாரைவிட நன்றாகவே பார்த்தேன். இவனிடம் ஒன்றும் இல்லை.’ குமாஸ்தா இதை இங்கிலீஷில் சரியாகச் சொல்கிறாரா என்று கவனித்துக்கொள்வேன். அப்புறம், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்பேன்.

வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து,
உன் நைனா